இடைவேளைக்கு முன் சாகும் அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நலம்தானே? அப்பாவும் நானும் நலம். என் திகில் படம் வெள்ளிக்கிழமை உன் ஊரில் வெளியாகிறது, ஒரே ஒரு தியேட்டரில். செட் போட வசதியில்லை. முழுக்க நம் வீட்டிலேயே எடுத்தோம். ரத்தம் கொஞ்சம் அதிகம், மனதைத் திடப்படுத்திக்கொண்டு போ. உன் பத்திரிகையில் நீ நாலு வரி நல்லதாக எழுதினால் இன்னொரு வாரம் ஓட்டுவதாகத் தியேட்டர்காரர் சொல்கிறார். தம்பி படம் என்று காட்டிக்கொள்ளாதே. நீ வேலைக்கென்று வீட்டைவிட்டுப் போன பிறகு நான் கேட்கும் முதல் உதவி.

அன்புடன்,
சின்னவன்


மார்ச் 10

அன்புள்ள சின்னவனுக்கு,

பார்த்தேன். சொந்தக்காரர் படத்துக்கு விமர்சனம் எழுதுவது எங்கள் பத்திரிகையில் வழக்கமில்லை. ஆசிரியரிடம் நானே சொல்லி விலகிக்கொண்டேன்; வேறு யாரும் எழுத முன்வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அச்சில் வராததை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

கேமரா அவசரப்படவில்லை. கழுவும் தொட்டியில் ரத்தம் மெல்ல இறங்கும்போது பாப்கார்ன் கொறிக்கும் சத்தம் நின்றது. பிணத்தின் கன்னத்தில் எறும்பு ஊர்வது அபாரம். ஆனால் ரத்தம் காட்சிக்குக் காட்சி நிறம் மாறுகிறது. ரப்பர் கை ரப்பராகவே விழுகிறது. எனக்குப் பின்னால் ஒருவர், "கையை வெட்டியும் கத்த மாட்டேங்கிறானே, சம்பளம் குடுக்கல போல" என்றார். கொலைகாரன் ஏன் கொல்கிறான் என்பது அவனுக்கே தெரியவில்லை.

பெரிய குறை வேறு. வயிற்றில் கத்தியோடு கிடக்கும் படத்து அக்கா, தன் தம்பியைப் பார்த்து, "அடுப்பை அணைச்சியாடா?" என்கிறாள். அரங்கம் சிரித்தது, உடனே அடங்கியது. படத்தில் உயிருள்ள ஆள் அவள் ஒருத்திதான். அவளை இடைவேளைக்கு முன்பே கொன்றுவிட்டாய். பிறகு யார் செத்தாலும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அடுப்புப் பேச்சு என்னுடையது என்று எனக்குத் தெரியாதா? ஏன் அவளை அவ்வளவு சீக்கிரம் கொன்றாய்?

அப்பாவுக்கு மாத்திரை தவறாமல் கொடு.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்கா,

படத்தைத் தூக்கிவிட்டார்கள். நீ விலகியதுதான் முறை. எறும்பு நாங்கள் விட்டதல்ல. ரத்தம் சர்க்கரைப் பாகு, அதற்குத் தானாக வந்தது.

நீ இருந்தவரை இந்த வீட்டில் எப்படிப் பேசுவோம் என்று எனக்குத் தெரியும். அதனால் முதல் பாதி எழுத வந்தது. நீ போன பிறகு அப்பாவும் நானும் பேச ஒன்றுமில்லாமல் ஆளுக்கொரு அறையில் இருந்தோம். படத்திலும் அதேதான். அக்கா செத்த பிறகு வசனம் வரவில்லை, ஆட்களை வெட்டிக்கொண்டே போனேன்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவ சொல்றது சரிதான்டா. ரெண்டாம் பாதி நம்ம ரெண்டு பேர் மாதிரியேதான் இருக்கு" என்றார். சிரித்தோம். அப்புறம் பேசிக்கொண்டே இருந்தோம்.

அடுத்த கதை தொடங்கிவிட்டேன். ஒரு வீடு, ஒரு அப்பா, ஒரு மகன். அக்கா என்று யாரும் இல்லை. எங்கோ போயிருப்பதாகவும் சொல்லப்போவதில்லை. இந்த முறை வசனம் அப்பாவும் நானும் பேசுவதிலிருந்தே தடையில்லாமல் வருகிறது. முடிந்ததும் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன், உனக்கு அனுப்ப மாட்டேன், அக்கா. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

சின்னவன்