வெள்ளாங்குளத்து மாடுகளும் என் சைலன்சரும்

02.03.2015, திங்கள்

இலுப்பைக்கடவை தாண்டியதும் மோட்டார் சைக்கிளின் சைலன்சர் கழன்று விழுந்தது. இறங்கிப் போய் எடுத்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கறள். விரலால் குத்தினால் உதிர்கிறது. சனி ஞாயிறில் பேசாலை வீட்டில் கடலுக்கு முகம் காட்டி நிறுத்துவதுதான் காரணம். உப்புக்காற்று ஐந்து வருடத்தில் தின்று முடித்துவிட்டது. மழைக்கோட்டில் சுற்றிப் பின்னால் கட்டிக்கொண்டு வெள்ளாங்குளம் வரை ட்ரக்டர் மாதிரி முழங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் சனம் பார்த்தது. பார்க்கட்டும்.

இந்தக் கிழமை முழுக்க இப்படியே ஓட வேண்டியதுதான். பசு பருவத்துக்கு வந்து கத்தத் தொடங்கினால் ஒரு நாளுக்குள் சினை ஊசி போட வேண்டும், மாடு சனிக்கிழமை வரை காத்திருக்காது.

07.03.2015, சனி

மன்னாரில் வஸீர் நானாவின் கராஜ். மூன்று சைலன்சர்களை நிலத்தில் வைத்து, ஒவ்வொன்றாய்ப் பூட்டிக் காட்டினார். முதலாவது காதைக் கிழிக்கிறது. இரண்டாவது பூனை மாதிரி, ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. மூன்றாவது கறுப்பு, தடித்த குழாய். அடிவயிற்றிலிருந்து வரும் குரல். கேட்டதும் பிடித்துவிட்டது.

“மிஸ், இது சத்தம் கொஞ்சம் கூட. ரெண்டாவதைக் கொண்டு போங்கோ.”

“நானா, வயலுக்குள்ள நிக்கிற ஆக்களுக்கு நான் வாறது கேக்க வேணும். அப்பதான் வந்து மாட்டைக் கட்டுவினம்.”

அவர் தோளை உயர்த்திவிட்டுப் பூட்டினார். திரும்பும் வழியில் தள்ளாடிப் பாலத்தில் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினேன். முப்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு நல்ல சத்தம் வைத்துக்கொள்ள உரிமை இல்லையா?

10.03.2015, செவ்வாய்

நான் சொன்னது சரி. குளக்கட்டில் ஏறும்போதே வயலில் நின்றவர்கள் வீடு திரும்பத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வீட்டிலும் காத்திருக்கவில்லை. எட்டுப் பசு, ஒரே நாளில்.

கடைசியாக இராசேஸ்வரி அக்காவின் நாகு. கணவர் போய் மூன்று வருடம். அவவிடம் இருப்பது இந்த ஒரு மாடுதான். இன்னும் கன்று போடாதது, நல்ல கலப்பினம். முதல் ஊசி. கொட்டிலுக்குள் நிற்காமல் கயிற்றை இழுத்துக்கொண்டு சுற்றியது. மூன்று பேர் பிடித்தார்கள். புதுசுதானே, பயம்.

அவவின் தமையன் நவரத்தினம் அண்ணை வேலியில் சாய்ந்தபடி பார்த்தார். அவரிடம் இரண்டு பசுக்கள் இருக்கின்றன. ஊசியில் நம்பிக்கை இல்லை. “காளை நாம்பனுக்கு விட்டால் முடிஞ்சுது, இதென்ன குழாயும் கையும்” என்றார். நான் சிரித்தேன். இப்படிச் சொன்ன எத்தனை பேர் இப்போது எனக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள்.

19.03.2015, வியாழன்

பாடசாலைப் பிள்ளைகள் என் சத்தத்தைக் கேட்டே “மாட்டு மிஸ் வாறா” என்று கத்துகிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, பெருமைதான்.

31.03.2015, செவ்வாய்

இராசேஸ்வரி அக்காவின் நாகு திரும்பக் கத்துகிறது. சினை தங்கவில்லை. தாதுப்பொருள் குறைவாய் இருக்கும்; உப்புக்கட்டி கொடுத்தேன். இரண்டாவது ஊசி. உதைத்தது. முழங்கையில் நீலம் பாரித்திருக்கிறது.

06.04.2015, திங்கள்

பாஸ்குத் திருநாள் பலகாரத்துடன் மிருக வைத்தியக் கந்தோருக்குப் போனேன். பரமநாதன் டொக்டர் என் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார்.

“பெற்றிசியா, மார்ச் முற்பாதியில போட்ட பதினெட்டில பதின்மூண்டு திரும்பக் கத்தியிருக்கு. உமக்கு இப்பிடி ஒருநாளும் நடந்ததில்லையே.”

பலகாரத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். குளிர்கலனைத் திறந்து பார்த்தேன். திரவம் போதிய அளவு இருக்கிறது. விந்துக் குழாய்களில் பிழை இல்லை. இளஞ்சூட்டு நீரின் வெப்பநிலையும் சரி. அப்ப என்ன? என்ர கையா? பதினொரு வருசமாப் பிழைக்காத கை இப்ப பிழைச்சிட்டுதா? இல்லை. என் கை எனக்குத் தெரியும்.

09.04.2015, வியாழன்

இன்று விளங்கியது.

ஏரம்பு அண்ணையின் ஒழுங்கைக்கு அரைக் கட்டை தூரம் இருக்கும்போது பின் சில்லுக்குக் காற்றுப் போனது. மோட்டார் சைக்கிளை ஒரு வேம்பின் கீழ் விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவருடைய செவலைப் பசு மூன்று கிழமைக்கு முன் என்னைக் கண்டதும் கட்டியிருந்த கட்டையையே பிடுங்கப் பார்த்த மாடு. இன்று தவிட்டைத் தின்றுகொண்டு அசையாமல் நின்றது. வேலை முடிந்ததுகூட அதற்குத் தெரியவில்லை.

“இண்டைக்கு மிஸ்ஸிட்ட வெருளேல்லையே!” என்று ஏரம்பு அண்ணை ஆச்சரியப்பட்டார்.

மாடு என்னிடம் வெருளவில்லை. ஒருநாளும் வெருளவில்லை. குளக்கட்டில் அந்தச் சத்தம் கேட்ட நேரம் தொடங்கி, நான் வந்து சேரும் மட்டும் ஒவ்வொரு கொட்டிலிலும் மாடுகள் நடுங்கிக்கொண்டு நின்றிருக்கின்றன. சத்தம் வரும், பிறகு கை வரும் என்று அவை படித்துவிட்டன. வெருண்ட மாட்டில் சினை இலகுவில் தங்காது. பயிற்சியில் முதலாம் கிழமை சொல்லித் தந்த பாடம்! நான் பாலத்தில் வேகம் கூட்டிச் சிரித்துக்கொண்டு வந்தனான்.

11.04.2015, சனி

வஸீர் நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘நான் அப்பவே சொன்னனான்’ என்று அவர் சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு நன்றி. இரண்டாவதை, அந்தப் பூனையை, பூட்டித் தந்தார்.

16.04.2015, வியாழன்

பூனையும் சரிவராது. மாடுகள் அமைதிதான், ஆனால் ஆட்களைக் காணவில்லை. நேற்று நான்கு வீடு. ஒருவருக்கும் நான் வந்தது தெரியாது. மாடு எங்கோ தரவையில் மேய்கிறது. வயலுக்குள் தொலைபேசியை யார் கொண்டு போகிறார்கள்? இரண்டு பசுவுக்கு நேரம் தப்பிவிட்டது.

17.04.2015, வெள்ளி

மன்னார் பஸ் நிலையத்தடியில் கழுதை ஒன்று குறுக்கே திரும்பியது. ஐயோ, நான் கிட்ட வரும் வரைக்கும் அதுக்குக் கேக்கவே இல்லை! விழுந்தேன். முழங்கால் உரசல், பக்கக் கண்ணாடி உடைவு. கழுதைக்கு ஒன்றுமில்லை, நின்று என்னைப் பார்த்தது.

18.04.2015, சனி

முழங்காலில் கட்டுடன் காலையே கராஜுக்குப் போனேன்.

“நானா, எனக்குக் கறுப்பனும் வேண்டாம், பூனையும் வேண்டாம். ரெண்டுக்கும் நடுவில ஒண்டு செய்து தாங்கோ.”

“ஆரின்ர காதுக்கு, மிஸ்?”

நல்ல கேள்வி. “மாட்டின்ர காதுக்கு” என்றேன்.

கறுப்புக் குழாயை அறுத்துத் திறந்தார். உள்ளே துளைபோட்ட சின்னக் குழாய் ஒன்றை வைத்துச் சுற்றிவரக் கண்ணாடிப் பஞ்சை அடைத்து ஒட்டினார். ஆனால் மாட்டுக்கு எங்கே போவது? கராஜுக்கு எதிரே மதிலோரம் ஐந்தாறு கழுதைகள் அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டு நின்றன. அவைதான் எங்கள் நடுவர்கள். முதல் தடவை இயக்கியபோது காதைப் பின்னால் மடித்துக்கொண்டு போய்விட்டன. திரும்பி வந்து சேர அரை மணி. பஞ்சைக் கூட்டினார். அதற்கும் இரண்டு போய்விட்டன. குழாயின் வாயை ஒடுக்கினார். மூன்றாம் தடவை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அது போதாது, எனக்குக் கேட்கவும் வேண்டுமே! கொஞ்சப் பஞ்சை எடுத்தார். நான்காம் தடவை, மத்தியானம் போல், எல்லாக் காதுகளும் எங்கள் பக்கம் திரும்பின. பிறகு அட்டைப்பெட்டிக்கே போய்விட்டன.

“முடிஞ்சுது” என்றார் வஸீர் நானா, ஸ்பானரைக் கீழே வைத்து.

தாழ்ந்த, உருண்டையான சத்தம். தூரத்துக்குப் போகும், குத்தாது. உண்மையைச் சொன்னால் முந்தியதைவிட இதுதான் அழகு.

21.04.2015, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு இராசேஸ்வரி அக்காவின் தொலைபேசி. நாகு மூன்றாம் தரமும் கத்துகிறது. காலையில் கத்தினால் பின்னேரம் ஊசி. பின்னேரம் போனால் முற்றத்தில் இறைச்சிக்கு மாடு வாங்குகிறவர் நிற்கிறார். நவரத்தினம் அண்ணைதான் கூட்டி வந்திருக்கிறார்.

“மலட்டு மாட்டுக்கு எத்தினை நாளைக்குத் தீன் போடுறது, மிஸ்?”

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திராது.

“மாடு மலடு இல்லை, அண்ணை. பிழை என்னில. என்ர மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு மாடு வெருண்டு போச்சு. நான் கவனிச்சிருக்க வேணும்.”

“அப்ப உங்கட சத்தத்துக்கு என்ர தங்கச்சியின்ர மாடு இறைச்சிக்குப் போக வேணுமோ?”

இராசேஸ்வரி அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு வாங்க வந்தவரிடம், “நீங்கள் போங்கோ. இது என்ர மாடு, நான் விக்கேல்லை” என்றா. தமையனிடம் திரும்பவே இல்லை. என்னிடம், “இன்னுமொருக்காப் போடுங்கோ, பிள்ளை. இண்டைக்கு நீங்கள் வரேக்க அது அசைபோட்டுக்கொண்டுதான் நிண்டது, நான் பாத்தனான்” என்றா.

கயிற்றை அவ ஒருத்திதான் பிடித்தா. நாகு உதைக்கவில்லை.

12.05.2015, செவ்வாய்

இருபத்தோராம் நாள். சினை தங்காவிட்டால் நாகு இன்று கத்த வேண்டும். தொலைபேசி அடிக்கவில்லை.

13.05.2015, புதன்

இன்றும் இல்லை.

14.07.2015, செவ்வாய்

பின்னேரம் இராசேஸ்வரி அக்கா வீடு. எண்பத்துநான்கு நாள். கையை உள்ளே விட்டு, கண்ணை மூடி, மெல்லத் தடவினேன். கருப்பையின் வலப்பக்கக் கொம்பு தடித்து, நீர் நிறைந்து, பந்து போல வழுக்கிக்கொண்டு இருந்தது. சந்தேகமே இல்லை, சினைதான். மூன்று மாதம் கிட்டுகிறது.

சைலன்சர்தான் காரணம் என்று எந்த அறிக்கையிலும் எழுத முடியாது. மே மாதம் போட்ட இருபத்திரண்டில் பதினைந்துக்குச் சினை நின்றிருக்கிறது.

சொன்னதும் இராசேஸ்வரி அக்கா மாட்டின் கழுத்தில் முகத்தை வைத்தா. பிறகு தேத்தண்ணி போட உள்ளே போனா.

கை கழுவப் போகும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நவரத்தினம் அண்ணையின் வெள்ளைப் பசு குட்டைக் கயிற்றில் கட்டப்பட்டு நின்றது. முன்னால் புதுத் தவிடு. அவர் பக்கத்தில் நின்றார்.

“காலமைதொட்டுக் கத்துது” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பெட்டியிலிருந்து புதுக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு போனேன்.