சின்னம்மா என்று அழைத்த மகள்

அக்கா,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், உங்கள் இறுப்பிட்டி வீட்டு அலுமாரியை நானும் மகளும் திறந்தோம். பூச்சிக்கு வைத்த உருண்டையின் நெடி முகத்தில் அடித்தது. கீழ்த்தட்டில், பழைய சேலையொன்றால் சுற்றிய ஆறு சட்டைகள். பத்து வயதிலிருந்து பதினைந்து வயது வரையான ஒரு பெண்பிள்ளைக்கு, தீபாவளிக்குத் தீபாவளி தைத்தவை. ஒன்றுகூட உடுத்தப்படவில்லை. எல்லாமே அகலம் கூட. நான் மகளுக்கு நன்றாகச் சாப்பாடு போட்டிருப்பேன் என்று நினைத்து நீங்கள் அளவு வைத்திருக்கிறீர்கள்.

அந்த வயதுகளில் அவள் எலும்பும் தோலுமாய் இருந்தாள். அது உங்களுக்குத் தெரியாது. தெரியவிடாமல் செய்தவள் நான்.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில், தெற்கில் எங்கள் கடை எரிந்து, உடுத்த துணியோடு கப்பலில் வந்து இறங்கியபோது அவளுக்கு இரண்டு வயது. எனக்கு வயிற்றில் ஏழு மாதம். இவர் வேலணை வீட்டில் சுவரைப் பார்த்தபடி கதிரையில் இருப்பார். சாப்பாட்டை வைத்தால் ஈ மொய்க்கும்வரை இருப்பார். நீங்கள் வந்து இரண்டு நாள் பார்த்தீர்கள். மூன்றாம் நாள் சொன்னீர்கள்: "பிள்ளையை என்னட்டை விடு. நீ எழும்பின பிறகு வந்து கூட்டிக்கொண்டு போ."

உங்களுக்குக் கலியாணமாகி ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. அதை நான் யோசிக்காமல் இல்லை. யோசித்துத்தான் தந்தேன். பஸ் வெளிக்கிட்டபோது அழுதேன் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அழுகை நின்றதும் பாய் விரித்துப் படுத்து, மாதக்கணக்கில் கொள்ளாத நித்திரை கொண்டேன். அதை இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

வயிற்றிலிருந்த பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகும் நான் உடனே அவளைக் கேட்டு வரவில்லை. கோயில் திருவிழாவுக்கும் வருடப்பிறப்புக்கும் வருவேன். அவள் உங்கள் சேலைக்குப் பின்னால் ஒளிந்து நின்று எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் உள்ளே திரும்பி, "அம்மா, சின்னம்மா வந்திருக்கிறா!" என்று கத்தினாள். நீங்கள் குசினிக்குள் இருந்து வந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். அவளைத் திருத்தவில்லை. உங்கள்மேல் எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது ஒன்றுதான், அக்கா. ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

இவர் தேறி, ஊர்காவற்றுறைத் துறையடியில் சின்னக் கடை போட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. கூட்டிப்போக வந்தேன். "சோதினை முடியுமட்டும் பொறன்" என்றீர்கள். "ஒரு மாசம்தானே."

"பெத்தவள் நான். உங்களுக்குப் பிள்ளை இல்லாட்டி அதுக்கு நான் என்ன செய்யிறது?"

சொன்ன வாய் இதுதான். அவளை முன்னால் இருத்தித் தலை வாரி, இரட்டைப் பின்னல் பின்னி, நாடா கட்டினீர்கள். ஒரு பின்னல் கோணலாக வந்தது. அவிழ்த்து மறுபடி பின்னினீர்கள்.

புது வீட்டில் அவள் சாப்பிடவில்லை. என்னை அம்மா என்று கூப்பிடவுமில்லை. எதுவும் தேவையென்றால் என் முன்னால் வந்து நிற்பாள். மூன்றாம் கிழமை பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரவில்லை. கொப்பிப் பையோடு நடந்திருக்கிறாள். வேலணையையும் தாண்டி, உங்கள் ஊருக்குப் போகும் புங்குடுதீவுப் பாலத்தடியில் நின்றவளை ஒரு வண்டில்காரர் ஏற்றி உங்களிடம் சேர்த்திருக்கிறார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நீங்களே கொண்டுவந்து விட்டீர்கள்.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் பூவரசங் கம்பை முறித்தேன். உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே அடித்தேன். அவள் அழாமல் உங்களையே பார்த்தாள். நீங்கள் படலையடியில் நின்று சொன்னீர்கள்: "எடி, நீ அடிக்கிறது என்னை. நோகிறது அவளுக்கு."

"இனி இந்த வாசலுக்கு வரக்கூடாது" என்றேன். ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனீர்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் படலையைப் பிடித்துக்கொண்டு பஸ் வரும் பக்கம் பார்த்து நிற்பாள். பார்த்துப் பார்த்து எனக்கு விசர் பிடித்தது. ஒருநாள் சொன்னேன்: "அவ இனி வரமாட்டா. உன்னை வைச்சுப் பார்க்க ஏலாதாம். வேண்டாமெண்டுதான் கொண்டுவந்து விட்டவ."

அவள் படலையிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே போனாள். அன்று இரண்டுதரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். படுக்கப் போகும்போது என்னை முதல்தடவையாக அம்மா என்றாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு அவள் ஓடவில்லை. சோறு மட்டும் அன்றைக்குப் பிறகு இறங்கவில்லை; மற்றபடி சொன்னதைச் செய்தாள். எதையும் கேட்டு அடம்பிடிக்கவில்லை. நல்ல பிள்ளை என்று ஊரே சொன்னது. சிரிக்க மறந்த பிள்ளை என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவள் கலியாணத்துக்கு நீங்கள் வந்து கடைசி வரிசையில் இருந்தீர்கள். காலில் விழுந்து எழும்பியபோது அவள் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு ஏன் என்று தெரியும். நான் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு போனேன்.

அவளுக்குப் பிள்ளை பிறந்து துடக்கு கழிந்த அன்று, "நீ கொஞ்சம் தேறுமட்டும் குழந்தையை நான் கொண்டுபோய்ப் பார்க்கிறன்" என்றேன்.

"என்ரை பிள்ளையை ஒருத்தரிட்டையும் விடமாட்டன்" என்றாள். சத்தம் போடவில்லை. "விட்டால், பிறகு வேண்டாமெண்டு சொல்லுவினம்."

பதினாலு வருடத்துக்கு முன் நான் சொன்ன சொல். இருந்த இடத்திலேயே உண்மையைச் சொன்னேன். அவள் குழந்தையைத் துவாயால் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். அன்று தொடங்கி இரண்டு வருடம், நீங்கள் கண்மூடும்வரை, அவள் கிழமை தவறாமல் உங்களிடம் வந்தாள். நான் வரவில்லை. உங்கள் முன்னால் எந்த முகத்தோடு வந்து நிற்பது?

செத்த வீட்டில் அவள் உங்கள் தலைமாட்டில் இருந்தாள். ஆரோ ஒரு மனுசி என் காதுக்குள், "இந்தப் பிள்ளை ஆரின்ரை?" என்று கேட்டாள். "அக்காவின்ரை" என்றேன். மகள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உங்கள் முகத்தில் இருந்த ஈயை விசிறினாள்.

சட்டைகளை மடித்துக்கொண்டு இருக்கும்போதுதான் மகள் இன்னொன்றைச் சொன்னாள். உண்மை தெரிந்து ஓடி வந்த அன்று, நான் சொன்னது பொய்தானா என்று உங்களிடம் கேட்டாளாம். நீங்கள் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு சொன்னீர்களாம்: "கொம்மாவில பிழை இல்லை. நான்தான் ஏலாதெண்டு சொன்னனான்."

"நீ நம்பினியோ?" என்று கேட்டேன்.

"இல்லை. ஆனா நீங்கள் சொன்னதைப் பதினாலு வருசம் நம்பினனான்."

ஏன் அப்படிச் சொன்னீர்கள், அக்கா? என்னைக் காப்பாற்றவா? அவளுக்குத் தாய் ஒருத்தியாவது மிஞ்சட்டும் என்றா? கேட்க நீங்கள் இல்லை. பிள்ளையைத் தந்தேன், பிடுங்கினேன். என் பிழையையாவது எனக்கென்று விட்டிருக்கலாம். அதையும் நீங்களே தூக்கிக்கொண்டு போகப் பார்த்தீர்கள்.

நான் விடவில்லை. பெற்றவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பதில்லை என்றுதான் நாங்கள் இருவரும் வளர்ந்தோம். இப்போது மகள் வரும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்கிறேன்: "பொய் சொன்னது நான். பெரியம்மா இல்லை."

"ஓம், தெரியும்" என்பாள். குழந்தைக்கு அடுத்த பிடி சோற்றைக் குழைப்பாள்.