சங்கம் உறுதியாக இருக்கிறது

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

குண்டுச் சத்தத்துக்குக் காது பழகிவிட்டது. தலைமை அலுவலகத்தில் ஜன்னல் கண்ணாடிகளுக்குத் தாள் ஒட்டிக்கொண்டு வேலை நடக்கிறது. உங்கள் தெருவில் பாலிசியை முறித்துப் பணம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். விடாதே. நம் ஆயுள் காப்புச் சங்கத்துக்கு முதலாளி கிடையாது. உறுப்பினர் பணம் உறுப்பினருக்கே. போரிலும் இருப்பு குறையவில்லை. செயலாளரான நானே சொன்னதாகச் சொல். ஏஜெண்டு நீ சொன்னால் கேட்பார்கள்.

என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. தெருக்காரர்கள்தான் உனக்கு உசத்தி.

உன் தம்பி

மே 20

அன்புத் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். உன் பேச்சை நம்பி வீடு வீடாக ஏறி இறங்கினேன். எங்கள் தெரு பஸ் டிரைவர் மட்டும் அசையவில்லை. "சண்டை நேரத்துல கையில காசு இருந்தாத்தான் தைரியம்க்கா" என்றார். "என் தம்பியே அங்க இருக்கான், கண்ண மூடிக்கிட்டுக் கட்டுங்க" என்றேன். கட்டினார்.

போன மாதம் பஸ் டிப்போவில் குண்டு விழுந்து இறந்துவிட்டார். அவர் மனைவிக்கு உன் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: போரினால் நேர்ந்த சாவுக்குக் காப்புத் தொகை கிடையாது, கட்டிய தவணை மட்டும் திரும்ப வரும். பாலிசியில் பொடி எழுத்தில் இருக்கிறதாம். விற்ற நானே அதைப் படித்ததில்லை. இருப்பு குறையாத ரகசியம் இதுதானா?

அவள் வாசலைத் தாண்ட முகமில்லாமல் பின் சந்து வழியாகப் போய்வருகிறேன். பொதுக்கூட்டம் நினைத்தால் விதியை மாற்றலாம் என்பாயே, மாற்று. என்னால் அவ்வளவு தூரம் வர முடியாது. நானும் உறுப்பினர்தானே, வாக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். எனக்காக நீ போடு.

அக்கா

ஜூன் 28

அக்கா,

கூட்டம் முடிந்தது. ஓர் ஆசிரியை தீர்மானம் கொண்டுவந்தார். உறுப்பினர்களுக்கு வரவேண்டிய இந்த வருஷ போனஸை எல்லோரும் விட்டுக்கொடுத்தால் போரில் இறந்தவர்கள் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். தாங்கும் என்று கணக்குப் போட்டவனே நான்தான். "செயலாளர் சொல்லட்டும், சங்கம் தாங்குமா?" என்று தலைவர் என்னைப் பார்த்தார். என்ன பதில் வேண்டும் என்பதும் அந்தப் பார்வையிலேயே இருந்தது. "தாங்கறது கஷ்டம்" என்றேன். தீர்மானம் தோற்றது.

உன் சீட்டையும் எதிர்த்தே போட்டேன். செயலாளரின் அக்காவே ஆதரித்தால் என் பேச்சு எப்படி எடுபடும்? எழுதவே கூசுகிறது. டிரைவர் மனைவிக்கு மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து அனுப்புகிறேன். நடந்ததை அவளிடம் சொல்லிவிடாதே.

தம்பி

ஜூலை 9

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். "வேண்டாம்னு விழுந்த ஓட்டுல என் கையெழுத்தும் ஒண்ணு" என்றேன். அவள் அழவில்லை, ஏசவில்லை. "உங்க தம்பி பிள்ளகுட்டிக்காரர், வேல போயிடும்னு பயந்திருப்பார்" என்று எனக்கே சமாதானம் சொன்னாள். கத்தியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் சம்பளப் பணம் வேண்டாமாம். "தர வேண்டியது சங்கம், அவர் இல்லையே" என்றாள்.

ஏஜெண்டு வேலையை விட்டுவிட்டேன். உன் வார்த்தையைச் சுமந்துபோன வீடுகளுக்கெல்லாம் மறுபடி போகிறேன். சங்கத்தால் கொடுக்க முடியும், ஆனால் கொடுக்காது என்று சொல்கிறேன். சிலர் கதவைச் சாத்துகிறார்கள். இன்னும் பாதித் தெரு பாக்கி.

அது முடியும்வரை எனக்கு எழுதாதே. எழுதினால் பிரித்துவிடுவேன். பிரித்தால் உன் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

அக்கா