வலப்பக்கம் சுற்றும் வாளி

கூப்பிட்ட குரலுக்கு "என்னடி" என்று வந்து நிற்கும் என் அக்காவுக்கு,

நீ போன பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பை மூட்டிவிட்டு மிளகுக் கொடியைப் பார்க்கப் போகிறேன். கொடியருகே போனதும் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். உன் வீட்டு வாசலைத் தாண்டும்போது கால் தானாக உள்ளே திரும்புகிறது. உள்ளே போய் யாரைக் கூப்பிடுவது? நீ கரிக்கட்டையால் சுவரில் எழுதிக் காட்டிய எழுத்துகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தப்பு இருந்தால் சிரிக்காதே.

உன் மகள் பாப்பாத்திக்கு நம் மலையிலேயே குண்டனி நாட்டில் மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று. சாமை அறுப்பு முடிந்ததும் கல்யாணம். நல்ல இடம்தான். ஆனால் இந்த வாரம் முழுக்க நான் பட்ட பாடு கல்யாணத்தால் இல்லை, உன் துரைசானி வாளியால்.

காப்பித் தோட்டத்துப் பங்களாவில் நீ சமையலுக்கு இருந்தபோது, சீமைக்குக் கப்பல் ஏறும் முன் துரைசானி உனக்குக் கொடுத்தாளே, அந்த வாளி. மூடிக்கு மேலே கைப்பிடி, அதிலிருந்து உள்ளே இறங்கும் கம்பி, கம்பியின் நுனியில் வளைந்த இரும்புக் கொக்கி. பலகையில் இறுக்கி வைத்துச் சுற்றினால் மாவைப் பிசைந்து கொடுத்துவிடும். அங்கே கோதுமை மாவில் புளிப்புக்குக் கள் ஊற்றி ரொட்டிக்குப் பிசைந்தாய். இங்கே கேழ்வரகு மாவைப் போட்டாய், பலாச்சுளையும் சாமை மாவும் போட்டாய். எதைப் போட்டாலும் அது சளைக்கவில்லை.

நீ அதைத் தலையில் சுமந்து வந்த அன்றைக்கு உன்னைக் கட்டிய மாமா கேட்டது நினைவிருக்கிறதா?

"ஏம்புள்ள, ராட்டினத்த மட்டும் கொண்டாந்திருக்கற. கெணறு எங்க?"

"உங்க வயிறுதானுங்க கெணறு. எவ்வளவு கொட்டுனாலும் ரொம்பறதில்ல."

அன்றிலிருந்து நீ அதை வலப்பக்கம்தான் சுற்றினாய். "தவசத்தத் தொட்டா வலப்பக்கந்தாண்டி சுத்தோணும்" என்பாய். களத்தில் தானியம் மிதிக்கும் மாடு சுற்றுவதும் அப்படித்தானே.

காய்ச்சலில் கிடந்தபோது என் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டாய். "பாப்பாத்தி போற ஊட்டுக்கு இந்த வாளியும் போவோணும். நீதான் பாத்துக்கோணும்." நான் தலையை ஆட்டினேன்.

உன் கருமாதிக்கு அடை தட்ட மாவு பிசைந்தது யார் தெரியுமா? மாமா. எங்களில் யாரையும் கிட்டே விடவில்லை. "சாவுக் காரியம், இடப்பக்கமாச் சுத்துப்பா" என்றார்கள் பெரியவர்கள். சுடுகாட்டிலும் அப்படித்தானே சுற்றுகிறோம். அவரும் இடப்பக்கம் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் கடக்கென்று ஒரு சத்தம். கைப்பிடி வெறுமனே சுற்றியது, கொக்கி மாவுக்குள் கிடந்தது. மாமா கையை எடுத்துவிட்டார். "அவ போனா. இதுவும் கூடவே போயிருச்சு" என்றார். நின்றவர்கள் எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. எனக்கும்தான்.

இந்த வாரம் முள்ளுக்குறிச்சியிலிருந்து கொல்லாசாரி துருத்தியோடு மலையேறி வந்தார். சீமைச் சண்டைக் காலத்தில் இரும்பு எங்கே கிடைக்கிறது? மாமாவின் கலப்பைக் கொழு தேய்ந்து மழுங்கிவிட்டது. வாளியின் கொக்கியையும் கம்பியையும் உருக்கிக் கொழு அடிப்பதாகப் பேச்சு.

"மாமா, அது பாப்பாத்திக்குன்னு அக்கா சொன்னதுங்க."

"ஒடஞ்சதக் குடுத்தனுப்பச் சொன்னாளா சாமி? மழ வந்துட்டா உழுவோணுமில்ல?"

அவர் கேட்டதிலும் தப்பில்லை. கழுவியாவது தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு ஓடைக்குப் போனேன். கருமாதி மாவு கொக்கியில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதோடு நெருப்பில் போட எனக்கு மனசு வரவில்லை.

தேய்த்துக் கழுவி, மூடியைப் போட்டு, கொக்கியைக் கம்பிக்கு நேரே பிடித்தேன். கை பழக்கத்தில் ஒரு சுற்று சுற்றியது. வலப்பக்கம். கொக்கி கவ்விக்கொண்டது, அக்கா. இன்னொரு சுற்று, இன்னும் இறுகியது. இடப்பக்கம் சுற்றிப் பார்த்தேன், கழன்று கையோடு வந்தது. மறுபடி வலப்பக்கம். ஈரச் சேலையோடே உலைக்களத்துக்கு ஓடினேன்.

கொல்லாசாரி கம்பியைத் திருப்பிப் பார்த்தார். "இது ஒடையலீங்க. மரை கழண்டிருக்குது. வலமாச் சுத்துனா இறுகும், இடமாச் சுத்துனா கழலும். எந்தப் புண்ணியவான் இடமாச் சுத்துனது?"

மாமா என்னிடம் மாவு கேட்டார். வீட்டிலிருந்து கேழ்வரகு மாவும் தண்ணீரும் கொண்டுவந்து கொட்டினேன். வலப்பக்கம் சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். மாவு பந்தாகத் திரண்ட பிறகும் கையை எடுக்கவில்லை. "போதுங்க மாமா" என்று நான்தான் பிடித்து நிறுத்தினேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "எங்கூட்டுக் கடப்பாறையில ஒரு முழத்த வெட்டிக் கொழு அடிங்க" என்றார் ஆசாரியிடம். இப்போது அந்தக் கடப்பாறை குழந்தை கைக்குத்தான் சரியாக இருக்கிறது.

வாளி என் வீட்டில் இருக்கிறது. ஆனாலும் எனக்கு நிலைகொள்ளவில்லை. வேலைக்கு நடுவே எழுந்து போய்க் கொக்கியை அசைத்துப் பார்க்கிறேன். குண்டனி நாட்டிலும் ஒரு நாள் சாவு விழும். அங்கேயும் யாராவது இடப்பக்கம் சுற்றச் சொல்வார்கள். அப்போது பாப்பாத்தி பக்கத்தில் நான் இருப்பேனா? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கல்யாணத்தன்று அதை என் தலையில்தான் சுமந்து போவேன். அவர்கள் வீட்டுப் பலகையில் நானே இறுக்கி வைப்பேன். சாவுக்குக் கையால் பிசையுங்கள், இதைத் தொடாதீர்கள் என்று சம்பந்தியம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் அந்த வீட்டில் சோற்றில் கை வைப்பேன். வாளி இங்கிருந்து போவதற்குள் உனக்கு ஒரு அடை படைக்க வேண்டும். ஊர் என்ன சொன்னாலும் சரி, உன் மாவை நான் வலப்பக்கம்தான் சுற்றுவேன்.

உனக்குப் பின்னால் பிறந்து, இன்னும் உன் பின்னாலேயே வரும் தங்கச்சி,
பொன்னாயி