மேடையில் சொல்லவேண்டிய ஊர்

வில் நகரம்
ஞாயிறு காலை

என் அன்பு மகள் தனுஷியாவுக்கு,

நான் சுகம், அப்பா சுகம், அவருடைய மூட்டுவலியும் குறைவில்லாமல் சுகமாக இருக்கிறது. மாமாங்கேஸ்வரர் அருளால் நீயும் அந்தக் கடற்குளிரில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கிர்கால்டி நகர மண்டபத்தில் அந்த ஊர் தந்த பெரியவர்கள் என்று மாட்டிய படங்களை நீ அனுப்பியதும் முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் காட்டினேன். பொருளாதாரத்துக்கு இலக்கணம் வகுத்தவர், உலகத்தின் நேரத்தை வலயங்களாகப் பிரிக்கச் சொன்னவர், அவர்களுக்குப் பக்கத்தில் குழந்தைகளுக்குச் செயற்கைக் கை செய்யும் என் மகள். நீ அங்கே பிறக்கவும் இல்லை. உன் தாய் எந்த ஊர் என்று அந்த ஸ்கொட்லாந்துக்காரர்களில் ஒருவராவது கேட்டாரா?

அந்தப் படம் பேஸ்புக்கில் சுற்றி, அப்பாவின் ஊரவர்கள் இங்கே நடத்தும் ஒன்றியத்தின் தலைவர் தம்பித்துரையின் கண்ணிலும் பட்டுவிட்டது. போன கிழமை பழத்தட்டோடு வந்தார். ஆண்டு விழாவில் ஊரின் புகழ்பெற்றவர்களை மேடையேற்றப் போகிறார்களாம், நீதான் முதல் ஆளாம். "தங்கச்சி, தனுஷியா எங்கட ஊர்ப் பிள்ளையெல்லோ" என்றார். எனக்குப் பற்றியெரிந்தது. நீ கிம்னாசியம் என்ற உயர்பள்ளிக்கான நுழைவுப் பரீட்சையில் சித்தியடைந்த வருடம் இதே விழாவில் பட்டுடுத்தி முன்வரிசையில் காத்திருந்தாய். எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசு கொடுத்தார்கள், உன் பெயரை மட்டும் கூப்பிடவில்லை. அப்பா காரணம் கேட்டதற்கு இதே மனுஷன், "தாய் மட்டக்களப்பு, பிள்ளையை எப்பிடி எங்கட ஊரெண்டு சொல்லுறது" என்று சபைக்கே கேட்கும்படி சொன்னார். அதோடு விட்டாரா, நான் மட்டக்களப்பு மந்திரம் போட்டு அப்பாவைப் பாயோடு ஒட்டவைத்துவிட்டேன் என்று சிரிக்கவும் சிரித்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதையும் நான் மறக்கவில்லை.

நான் கத்தப்போகிறேன் என்று அப்பா பயந்தார். கத்தவில்லை. ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தேன், பகையாளிக்கு எண்ணெயில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. "ஓம் அண்ணை, பிள்ளை கட்டாயம் வருவாள்" என்றேன். இப்போது உன் படத்தோடு நோட்டீஸும் அடித்துவிட்டார்கள், தூரத்து ஃப்ரிபூர்க் நகரிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். இனி அவர் நினைத்தாலும் உன்னை நிறுத்த முடியாது.

நீ வா மகளே. மைக் கைக்கு வந்ததும் அவரைத் திட்டாதே. "நான் மட்டக்களப்புக் களுவாஞ்சிக்குடி சிவமலரின் மகள்" என்று முதலில் சொல். பிறகு உன்னைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட கிர்கால்டிக்கு நன்றி சொல். மற்ற ஊர் எதுவும் உன் வாயில் வரக்கூடாது. வணக்கம் சொல்லிவிட்டு இறங்கு. நீ அவரை எப்போதோ மன்னித்திருப்பாய், அந்த நல்ல குணம் அப்பாவின் பக்கம். என்னிடம் அது இல்லை, வேண்டவும் வேண்டாம்.

அப்பாவின் ஊரையும் விடச் சொல்கிறேனே என்று எனக்கே கொஞ்சம் நெஞ்சு உறுத்தியது. அதனால் இவ்வளவையும் அவரிடம் வாசித்துக் காட்டினேன். மூட்டைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு, "அண்டைக்கு நான் எழும்பி வந்திருக்கவேணும். பிள்ளை உன்ர ஊரையே சொல்லட்டும், முதல் கைதட்டு என்ர" என்றார்.

நீ நீடு வாழ வேண்டும், உன் கைவேலை இன்னும் ஓங்க வேண்டும். தடித்த கோட்டை மறந்துவிடாதே, இங்கே இன்னும் பனி.

உன் அம்மா,
களுவாஞ்சிக்குடி சிவமலர்