கதவைத் தட்டாத இன்ஸ்பெக்டர்

ஐப்பசி, ஞாயிறு இரவு

இன்று என் கணவரோடு ஜங்ஷன் தியேட்டரில் ஒரு கொலைப் படம் பார்த்தேன். படம் முழுக்க மழை, நீல வெளிச்சம், குறைந்த பேச்சு. கண்ணை எடுக்க முடியவில்லை. ஏட்டாக இருக்கும் இவர் போலீஸ் படமென்றால் கேலி பேசியே கெடுப்பார். இன்று வாய் திறக்கவில்லை. படத்தில், மகன் செத்ததைத் தாயிடம் சொல்லப் போன இன்ஸ்பெக்டர், கதவைத் தட்டாமல் நனைந்தபடியே நிற்கிறார். பின்னணி இசைகூட இல்லை. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் தானாகவே சொன்னார். "சரியாத்தான் எடுத்திருக்கான். போன மாசம் சீவலப்பேரில ஒரு வீட்டு வாசல்ல நானும் அப்படித்தான் நின்னேன். விஷயம் தெரியாம அந்தம்மா மோரு கொண்டாந்து குடுத்தாவ. குடிச்சிட்டுத்தான் சொன்னேன், பாத்துக்க."

மேலே கேட்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது அயர்ந்து தூங்குகிறார். அந்த அம்மாவுக்குத் துணைக்கு யார் இருக்கிறார்களோ.