உன் சனிக்கிழமைப் பிள்ளைகள்

வேனை ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி.க்குக் காட்ட வேண்டும். பட்டறையில் விடுவதற்கு முன்னால் சீட்டுகளைக் கழற்றிக் கழுவிவிடலாம் என்று இன்று காலை வாசலில் நிறுத்தி வேலையை ஆரம்பித்தேன். கடைசி சீட்டைத் தூக்கியபோது, இரும்புச் சட்டத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் ஓர் எலுமிச்சம்பழம் கிடந்தது. பழம் என்று சொல்ல முடியாது. கறுத்துக் காய்ந்து கோலிக்குண்டு அளவுக்குச் சுருங்கியிருந்தது. எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். வாசம் ஒன்றும் இல்லை. உன் குரல்தான் கேட்டது. "யாருக்குக் கொமட்டுது? வாந்தி வர்ற மாதிரி இருந்தா மொதல்லயே சொல்லிருங்க. இந்தா, மோந்துக்கிட்டே வா."

நீ ஒருத்திதான் என் வண்டியில் பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு ஏறியவள். பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகிற பையன்கள்கூட மூடிய வேனில் உட்கார்ந்தால் முகம் வெளுத்துவிடுவார்கள். ஆளுக்கொரு பழம் கையில் கொடுத்து, திருச்சி வரைக்கும் அவர்களைப் பேசவைத்தே கூட்டிப்போனாய். அந்தப் பயணத்தில் உருண்டு போனதாகத்தான் இருக்கும் இது. அதற்குப் பிறகு நீ வேனில் எலுமிச்சம்பழம் கொண்டுவரவில்லை.

கையில் இருந்த பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது. எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இந்தச் சனிக்கிழமை வகுப்பெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்வது விராலிமலை பஸ் ஸ்டாண்டில் நீ பார்த்த அந்த மில் வேனைத்தான். நீ பாடம் எடுத்த பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைதான். எட்டாவதில் முதல் மதிப்பெண் எடுத்துப் போன பெண் ஒருத்தி, மில்லுக்கு ஆள் ஏற்றிப்போகிற வேனில், கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நீ கண்ணாடியைத் தட்டினாய். அவள் எழுந்திருக்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. வீட்டுக்கு வந்து அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. "எட்டாவது முடிச்சுப் போறப்ப ஜோரா கைதட்டி அனுப்பிவைக்கிறோம். அதுக்கப்புறம் எங்கிட்டுப் போச்சுகன்னு ஒருத்தரும் பாக்குறதில்லீங்க" என்றாய்.

அடுத்த மாதத்திலிருந்து பள்ளிக்கூடத்தின் பழைய பிள்ளைகளைத் தேட ஆரம்பித்தாய். மாதா கோயில் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம், ரேஷன் கடை வரிசையில், மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் என்று எங்கே பார்த்தாலும் கேட்டாய்: "ஒங்க மகன் இப்ப என்ன படிக்கிறான்? பிளஸ் ஒன்னா? சனிக்கிழம நம்ம பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லுங்க." பாதிப் பேர் சிரித்தார்கள். எட்டாவது முடித்த பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப எதற்கு வர வேண்டும் என்றார்கள். ஆனாலும் பிள்ளைகள் வந்தார்கள். மீசை அரும்பிய பையன்கள் ஐந்தாம் வகுப்பு பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் நாள் நீ பாடம் எதுவும் எடுக்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னாய். அதுவரை பெயரை எழுதித்தான் அவர்களுக்குப் பழக்கம். கையெழுத்து என்று ஒன்றைப் போட்டதில்லை. "விண்ணப்பத்துல ஒரு மாதிரி, பேங்குல ஒரு மாதிரி போடக்கூடாது. இன்னைக்கு ஒன்னு முடிவு பண்ணு. சாகுறவரைக்கும் அதுதான் ஒன்னோடது" என்றாய். பிறகு முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்றால் என்ன, அதை எங்கே வாங்க வேண்டும், எந்தப் படிப்பு படித்தால் எந்த வாசல் திறக்கும் என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று. ஒரு வாரம் நர்ஸ் வந்தார். ஒரு வாரம் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். லேத் வைத்திருக்கிறவரையும் நீ விடவில்லை. வந்தவர்கள் எல்லாரும் பிள்ளைகளிடம் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டார்கள். நீ அப்படிக் கேட்கமாட்டாய். "காலையில எந்திரிச்சு எங்க போனா ஒனக்கு மனசு நெறையும்?" என்பாய். அந்தக் கேள்விக்குத்தான் அவர்கள் வாய் திறந்தார்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் பழக்க என்னைக் கல்லூரி முதல்வராக உட்காரவைத்தது நினைவிருக்கிறதா? பத்தாவதோடு நின்றவன் நான். மீசை இருக்கிறது, அது போதும் என்றாய். முதலில் வந்தவள் தேன்மொழி. ஆடு மேய்க்கிற கருப்பையாவின் மகள். "ஒம்பேரு என்னம்மா?" என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், எழுந்து ஓடிவிட்டாள். எல்லாரும் சிரிக்க, புருஷன் என்றும் பாராமல் நீ என் மேல் பாய்ந்தாய். "போலீஸ் ஸ்டேஷனா நடத்துறீங்க? பொறுமையாக் கேட்டா என்ன?" அடுத்தடுத்த வாரங்களிலும் அவள் பெயரைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும் அவளை அவசரப்படுத்தவில்லை.

சவரிமுத்து நேர் எதிர். அப்பா இல்லாத வீடு, அம்மாவும் தம்பியும்தான். உன் கேள்விக்கு அவன் யோசிக்காமல் சொன்ன பதில், "கெமிஸ்ட்ரி லேபுக்கு, டீச்சர்." அவன் படித்த மேல்நிலைப் பள்ளியில் ஒரு சோதனைக் கருவியைச் சுற்றிக் கூட்டமாக நின்று செய்வார்கள். இவன் எட்டி எட்டிப் பார்த்ததோடு சரி. திருச்சிக் கல்லூரிக்கு நாம் போன அன்று, ஆய்வுக்கூட உதவியாளர் அவனை உள்ளே கூப்பிட்டு, கண்ணாடிக் குழாயைக் கையில் கொடுத்து, கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அவனையே நிறம் மாற்றிப் பார்க்கச் சொன்னார். மற்ற பிள்ளைகள் கேன்டீனுக்குப் போய்த் திரும்பியும் அவன் வெளியே வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அதே பேச்சு. "ஒரே ஒரு சொட்டு டீச்சர். அது கூடிப்போச்சுன்னா எல்லாம் போச்சு. அந்த எடத்துல கை நிக்கணும்." நீ முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து அவன் சொல்வதை முழுக்கக் கேட்டாய்.

மணிகண்டம் தாண்டியதும் நீயும் ஒரு பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாய். "டீச்சருக்கே வாந்தியா?" என்று பின்னாலிருந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். வெயிலும் வண்டி ஆட்டமும்தான் என்று நினைத்தோம். ஒரு வாரம் கழித்தும் உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதன் பிறகு அதே திருச்சிச் சாலையில் நாம் இருவர் மட்டும் போய் வந்தோம். வயிற்றில் கட்டி என்றார்கள். பரவிவிட்டது என்றார்கள். வெளியே வந்து வேனில் ஏறியதும் நீ கேட்ட முதல் கேள்வி, "பிளஸ் டூ பரீட்ச எப்ப ஆரம்பிக்குது?" நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். நீ என் முதுகைத் தடவிவிட்டாய்.

ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் சனிக்கிழமைகளை நீ விடவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் மேசை மேல் போனை ஸ்பீக்கரில் வைப்பேன். அங்கிருந்து நீ பேசுவாய். குரல் ஒவ்வொரு வாரமும் சன்னமாகிக்கொண்டே போனது. பிள்ளைகள் மேசையை நெருங்கி நெருங்கி உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறோம் என்று கெஞ்சியவர்களிடம் வேண்டாம் என்றாய். "இப்ப என்னையப் பாத்தா பரீட்ச எழுத மாட்டாங்க. முடியட்டும், வரட்டும்." கடைசிப் பரீட்சை முடிந்த அன்று சீருடையைக்கூட மாற்றாமல் நேராக வந்து உன் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவர் கையாகப் பிடித்தாய். சவரியிடம், "கெமிஸ்ட்ரி எப்படிரா?" என்றாய். "நல்லா எழுதிருக்கேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த வாரம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

கல்லறைத் தோட்டம் வரை உன் பெட்டியைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன். அடுத்த வாரமே அவன் மாமா வந்து திருப்பூருக்குக் கூட்டிப்போய்விட்டார். முடிவு வருகிறவரைக்கும் சும்மாதானே இருக்கிறான் என்றாராம். எனக்குத் தெரிந்தபோது அவன் போய்ச் சேர்ந்திருந்தான்.

முடிவுகள் வந்த அன்று உன் போன் விடாமல் அடித்தது. பிள்ளைகள் மார்க்கை உன் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். யாருக்கு அனுப்புகிறோம் என்று தெரிந்தேதான் அனுப்பினார்கள். கல்லூரி விண்ணப்பத்துக்கு நாள் குறைவு என்று மட்டும் எனக்குத் தெரியும். உன் போனை எடுத்து, "நாளைக்குக் காலையில எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வாங்க" என்று அடித்து அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், பக்கத்தில் நீலச் சேலையில் உன் படம். மறுநாள் எல்லாரும் வந்தார்கள். தேன்மொழி கடைசியாக என்னிடம் வந்து, "டீச்சர்கிட்டருந்து மெசேஜுன்னு பாத்ததும் நெசமாவே ஒரு நிமிசம் நம்பிட்டேண்ணே" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

சவரி ஒருவன் மட்டும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாரையும்விட அவனுக்குத்தான் மதிப்பெண் அதிகம். நான் வேனை எடுத்துக்கொண்டு திருப்பூர் போனேன். சாயப்பட்டறை வாசலில் காத்திருந்தேன். முழங்கை வரை ஊதா ஏறிய கையோடு வந்தான். "இங்கயும் கலருதாண்ணே" என்று சிரித்தான். டீ வாங்கிக் கொடுத்து, டீச்சருக்காக வா என்றேன். உன் பெயரைச் சொன்னால் வந்துவிடுவான் என்று வழியெல்லாம் நம்பிக்கொண்டு போயிருந்தேன். அவன் டீயைக் குடித்து முடித்தான். "அம்மாவால இனிமே வேலைக்குப் போக முடியாதுண்ணே. தம்பி ஏழாவதுதான் படிக்கிறான். டீச்சரே வந்து கூப்புட்டாலும் நான் என்ன சொல்றது, சொல்லுங்க?" என்றான். நீயாக இருந்தால் ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பாய் என்று திரும்பி வரும்போது நினைத்தேன். கரூர் வந்ததும், உன்னாலும் முடிந்திருக்காதோ என்று தோன்றியது. அந்த நினைப்பு இன்னும் கனமாக இருந்தது.

தேன்மொழியையும் விட்டுவிடக்கூடாது என்று கருப்பையாவிடம் போய் நின்றேன். "பொம்பளப் புள்ள, தெனம் ரெண்டு பஸ்சு மாறிப் புதுக்கோட்டை போய்ட்டு வரணும். யாரு பாத்துக்குவா?" என்றார். எனக்குப் படிப்பைப் பற்றிப் பேசத் தெரியாது. வழியைப் பற்றித் தெரியும். "வாங்க, நாம ரெண்டு பேரும் ஒருநாள் அந்த பஸ்சுல போய்ட்டு வருவோம்" என்றேன். இலுப்பூரில் மாறினோம். பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் பஸ் முழுக்க நின்றார்கள். படித்துக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் வந்தார்கள். கருப்பையா அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் திரும்பி இறங்கிய பிறகு, "எம்மகளும் இப்புடிச் சத்தம் போட்டுப் பேசுமா?" என்றார். மறுநாள் விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்தார்.

அவள் கேட்டது பி.காம். அரசு மகளிர் கல்லூரியில் கலந்தாய்வுக்கு அவள் முறை வந்தபோது அது நிரம்பிவிட்டது. வரலாறு, தமிழ், பொருளியல் இருக்கிறது, என்ன வேண்டும் என்றார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர் எதச் சொல்லுவாங்கண்ணே?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் நீ முன்சீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஒவ்வொரு படிப்பையும் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொண்டு வந்தாய். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். வரிசை நின்றது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் பேனாவைத் தட்டினார். "எனக்குத் தெரியலம்மா" என்றேன். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு மேசைப் பக்கம் திரும்பி, "எக்கனாமிக்ஸ்" என்றாள். "சத்தமாச் சொல்லும்மா." வரிசையில் கடைசியில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னாள்.

வெளியே வந்து தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று அழுதாள். நானும் அழுதேன். நீ என்ன சொல்லியிருப்பாய்? இன்றைக்கும் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

இப்போது அவள் கடைசி வருடம். சனிக்கிழமைகளில் உன் இடத்தில் அவள்தான் நிற்கிறாள். கணக்கில் கொஞ்சம் தடுமாறுகிறாளாம். அதையும் மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்கிறாள். நான் வெளியூர்ப் பிள்ளைகளை ஏற்றி வந்து இறக்கிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே கேட்கிற குரல் உன்னுடையது இல்லை என்பதற்கு நான் இன்னும் பழகவில்லை.

அந்த நேரத்தில் திருப்பூரிலிருந்து போன் வரும். சவரிக்கு அப்போதுதான் டீ இடைவேளை. "இன்னைக்கு எத்தன பேருண்ணே வந்துருக்காக?" என்பான். யார் யார் வந்தார்கள், யாருக்கு எங்கே இடம் கிடைத்தது என்று சொல்வேன். அவன் தம்பி முன்வரிசை பெஞ்சில் இருப்பதையும் சொல்வேன். "ம்" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டான். நானும் கேட்பதில்லை. கடைசியில், "சரிண்ணே, வச்சிர்றேன்" என்பான். ஆனால் வைக்கமாட்டான். அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

நானும் வைப்பதில்லை.